அப்பப்ப ஒழிப்பு மையம்

எழிலன் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்து வைத்தான். பல் துலக்கினான். கீழே போய் அடிபம்பில் தண்ணீர் அடித்து, குடத்தைத் தோளில் வைத்து, வியாசர்பாடி அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்துக்குத் தூக்கி வந்தான். குளித்தான். கொடியில் கிடந்த சட்டையைப் போட்டுக்கொண்டான். சுவரில் மூன்று படங்கள் இருந்தன. புத்தர், அம்பேத்கர், செங்கொடி. செங்கொடி அவன் மனைவி. போன மழைக்காலத்துக்கு முன்பு இறந்துபோனாள். அவள் படம் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவன் அதை நேராக்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினான். தெருமுனையில் நின்றபடி இட்லி சாப்பிட்டான். கை கழுவினான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கைக் கிளப்பினான்.

காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிய ஆட்டோக்கள் எதிரே வந்தன. அதன் பிறகு டிரெய்லர்கள். எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றிருந்தன. அவற்றின் ஓரமாகவே போனால் கண்டெய்னர் யார்டு வரும். வரும் பெட்டிகளின் எண்ணையும் கதவில் போட்ட முத்திரைச் சீலையும் பார்த்துச் சரிபார்ப்பது அவன் வேலை. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன். அந்த வேலைக்கு அது தேவையில்லை. எண்ணைப் பார்க்க வேண்டும், சீலைப் பார்க்க வேண்டும், அடுத்த பெட்டிக்குப் போக வேண்டும். செங்கொடி போன பிறகு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே இடம் அந்த யார்டுதான்.

அன்று யார்டு வாசலில் புதிதாக ஒரு பலகை நின்றது. ஆறு ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்தில், மேலே பச்சையில் தொடங்கிக் கீழே சிவப்பில் முடிந்தன. ஆல்வேஸ், நூறு விழுக்காடு. யூஷுவலி, எண்பது. ஆஃபன், அறுபது. சம்டைம்ஸ், நாற்பது. ரேர்லி, பத்து. நெவர், பூஜ்யம். அதற்கும் கீழே, இந்த வளாகத்தில் இவை தவிர்த்த வேறு அளவுகளில் பேசுவது தடை செய்யப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தது.

காவலாளி அவனை நிறுத்தினார்.

"ஹெல்மெட் போடுவியா சார்?"

"போட்டிருக்கேனே."

"அது தெரியுது. எவ்ளோ போடுவ? பலகைய பாத்து சொல்லு. எனக்கே இன்னிக்குதான் சொல்லிக் குடுத்தாங்க."

எழிலன் பலகையைப் பார்த்தான். "ஆல்வேஸ்" என்றான்.

"சரி, போ."

இதற்கெல்லாம் மூலகாரணம் சுஹைப்பின் டிரெய்லர். சுஹைப் தண்டையார்பேட்டைக்காரன், சிரித்த முகம், நல்ல டிரைவர். வளைவில் திரும்பும்போது மட்டும் வண்டியின் பின்பக்கம் வாசல் தூணில் போய் இடிக்கும். தூணும் அதற்குப் பழகியிருந்தது. ஒருநாள் அவன் இடித்த நேரத்தில் வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் அங்கே நின்றிருந்தார். இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் விசாரித்தார். சுஹைப் மரியாதையாகவே பதில் சொன்னான். "அப்பப்ப நடக்கும் சார்."

அதிகாரி ஊருக்குத் திரும்பிப் போய், 'அப்பப்ப' என்பது எத்தனை விழுக்காடு என்று மின்னஞ்சல் அனுப்பினார். கணக்குப் பிரிவு நாற்பது என்றது. பாதுகாப்புப் பிரிவு பத்து என்றது. மனிதவளப் பிரிவு, அப்பப்ப என்பது ஓர் அளவல்ல, அது ஒரு மனநிலை என்றது. தலைமையகம் மறுபடியும் கேட்டது. பதில் சொல்ல யாராலும் முடியாததால் ஒரு மையம் தொடங்கினார்கள். அதற்கு 'வாடிக்கை அளவை மேம்பாட்டு மையம்' என்று பெயர். யார்டில் அந்தப் பெயரை யாராலும் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. அதனால் எல்லோரும் அதை அப்பப்ப ஒழிப்பு மையம் என்றார்கள்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் மனோகரன். எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. தொடக்க விழா காலையில் என்று சொல்லியிருந்தார்கள். அவர் உச்சிவெயிலில் வந்து சேர்ந்தார். நேரே மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, நான் ஆல்வேஸ் நேரத்துக்கு வருபவன். ஆனால் இன்று தாமதமாக வந்திருக்கிறேன். இது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். ஆல்வேஸ் என்றால் நூறு விழுக்காடு. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நான் தாமதமாக வரும் நாட்களை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஆல்வேஸ் மிகச் சரியாக வருகிறது. இதைத்தான் அறிவியல் என்கிறோம்.

"நம் நாடு ஏன் பின்தங்கியிருக்கிறது? நாம் 'எப்பவாச்சும்' என்கிறோம். 'எப்பப் பாரு' என்கிறோம். 'சும்மா சும்மா' என்கிறோம். சும்மா என்பதையே அளக்க முடியாது, அதை இரண்டு தடவை சொன்னால் என்ன கிடைக்கும்? வெளிநாட்டில் ஒரு குழந்தை அழுதால்கூட எத்தனை விழுக்காடு அழுகிறோம் என்று தெரிந்துதான் அழுகிறது. நானே பார்த்திருக்கிறேன். ரேர்லி பார்த்திருக்கிறேன். நான் வெளிநாடு போனது நெவர்."

கைதட்டினார்கள். கைதட்டல் யூஷுவலி இருந்தது என்று மையத்தின் உதவியாளர் குறித்துக்கொண்டார்.

வகுப்புகள் ஒரு பழைய குளிர்பதனக் கண்டெய்னர் பெட்டிக்குள் நடந்தன. இறால் ஏற்றுமதிக்குப் போய்வந்த பெட்டி அது. குளிர் போய்விட்டது, இறால் வாசம் போகவில்லை. பெஞ்சு போட்டு எல்லோரையும் உட்கார வைத்து ஆறு சொற்களையும் உரக்கச் சொல்ல வைத்தார்கள். வெளியே வந்த பிறகும் அப்படியே பேச வேண்டும் என்பது விதி. கேண்டீன் நடத்தும் அடைக்கலமேரி காசிமேட்டுக்காரி. யாருக்கும் பயப்படாதவள். அவள்கூட மூன்றே நாளில் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நைனா, ஆல்வேஸ் சாம்பாரா, சம்டைம்ஸ் ரசமா?" என்று கேட்க ஆரம்பித்தாள். தயிர் கேட்டவர்களிடம், "தயிரு நெவர். தீந்துபோச்சி" என்றாள்.

பிறகு தேர்வு வைத்தார்கள். தேர்ச்சி பெற்றால்தான் கேட் பாஸ் புதுப்பிக்கப்படும். கேட் பாஸ் இல்லாவிட்டால் வாசலோடு சரி.

இங்கேதான் மையம் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வடசென்னையில் விழுக்காடு என்றால் அதற்கு ஒரே பொருள்தான், மார்க். நூறு என்றால் நூற்றுக்கு நூறு. பூஜ்யம் என்றால் ஃபெயில், வீட்டில் உதை. பலகையில் ஆல்வேஸுக்கு நூறு என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நெவருக்குப் பூஜ்யம் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். இனி கேள்வியைப் படிப்பது வீண் என்று தேர்வுக்கு முன்பே கேண்டீனில் முடிவாகிவிட்டது.

"நூறு இருக்கசொல்ல எவனாச்சும் பத்த எடுப்பானா?" என்றாள் அடைக்கலமேரி. எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

எழிலன் அன்று கேண்டீனில் இல்லை. பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

முடிவுகள் வந்தன. அந்த யார்டில் ஆல்வேஸ் தீப்பிடிக்கிறது. கிரேன் ஆல்வேஸ் சாய்கிறது. ஊழியர்கள் ஆல்வேஸ் குடித்துவிட்டு வருகிறார்கள், ஆல்வேஸ் குடிக்காமலும் வருகிறார்கள். சுஹைப் ஆல்வேஸ் தூணை இடிக்கிறான். பணியின்போது உயிரிழக்கும் விபத்தைச் சந்தித்ததுண்டா என்ற கேள்விக்கு அடைக்கலமேரி உட்பட எல்லோருமே ஆல்வேஸ் என்று சொல்லியிருந்தார்கள்.

பாதுகாப்புப் பிரிவில் இருந்த ஒருவர், இறந்தவர்களே வந்து தேர்வெழுதியிருப்பது கொஞ்சம் இடிக்கிறதே என்று கேட்டாராம். மனோகரன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். தவறு செய்பவர்கள் ஆளுக்கொரு விதமாகச் செய்வார்கள், இத்தனை பேரும் ஒரே பதிலைச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்க முடியும் என்று விளக்கினார். அதோடு சான்றிதழ்களும் அச்சாகிவிட்டன. அதனால் முடிவுகளை மாற்றுவதற்குப் பதிலாக யார்டை முடிவுகளுக்கு ஏற்ப மாற்றுவது என்று தீர்மானம் ஆயிற்று.

கேண்டீன் வாசலில் ஒரு ஆம்புலன்ஸ் நிரந்தரமாக நின்றது. அதிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, "உயிரோட இருக்கீங்களாம்மா?" என்று அடைக்கலமேரியை விசாரித்துவிட்டுப் போவார். "இப்போதிக்கு கீறேன்" என்பாள் அவள். 'இப்போதைக்கு' பலகையில் இல்லாத சொல் என்பதால் அவர் ஒன்றும் குறிக்காமல் திரும்பிப் போவார், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வருவார்.

தீ ஆல்வேஸ் என்பதால் அபாயச் சங்கு இடைவிடாமல் ஊதிக்கொண்டிருந்தது. அப்படியானால் உண்மையில் தீப்பிடித்தால் எப்படித் தெரியும் என்ற கேள்வி எழுந்தது. உண்மையில் தீப்பிடித்தால் சங்கு நிறுத்தப்படும், சங்கு நின்றதும் எல்லோரும் ஓட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. இரண்டு தடவை ஒத்திகை பார்த்தார்கள். நன்றாகவே ஓடினார்கள்.

எழிலன் மட்டும் தேர்வில் தோற்றான். அவனுக்குத் தீப்பிடித்ததில்லை, கிரேன் சாய்ந்ததில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை. கேட்டதற்கு நெவர் என்று சொல்லியிருந்தான். கிட்டத்தட்ட எல்லாக் கேள்விகளுக்கும் பூஜ்யம். அவனுடைய பாஸ் நிறுத்தி வைக்கப்பட்டது. பாதுகாப்பு நாள் விழா வரைக்கும் ஒரு தற்காலிகச் சீட்டில் வரலாம், அதற்குள் வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை என்றார்கள்.

எழிலன் அதைப் பற்றிப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவன் மழையைப் பற்றி யோசிப்பதுபோல யோசித்தான். வேறு வேலை கிடைக்கும். கிடைக்கிறவரைக்கும் பகல் முழுக்க அந்த மூன்று படங்களோடு வீட்டில் இருக்க வேண்டும். அது மட்டும் அவனால் முடியாது.

வாய்மொழித் தேர்வை நடத்தியவள் நலவாழ்வு அலுவலர் குணசுந்தரி. நல்லவள். இந்த வேலையில் தான் செய்வது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அதை முகத்தில் காட்டாமல் இருக்கவும் தெரிந்திருந்தது. பணிப் பகுதியில் எல்லாவற்றுக்கும் ஆல்வேஸ் என்று சொல்லச் சொல்லி அவனை எளிதாகத் தேற்றிவிட்டாள். பிறகு குடும்பப் பகுதி வந்தது.

"வேலைக்குக் கிளம்பும்போது பாதுகாப்பா இருக்கச் சொல்லி உங்க மனைவி நினைவுபடுத்துவாங்களா? எவ்வளவு?"

"நெவர்."

"தம்பி, கொஞ்சம் யோசிச்சு சொல்லுங்க."

"செத்துட்டாங்க மேடம்."

குணசுந்தரி பேனாவைக் கீழே வைத்தாள். மன்னிக்கச் சொன்னாள். எழுந்து போய் இயக்குநரைக் கேட்டுவிட்டு வந்தாள். அவள் திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது.

"இறப்பு ஒரு காரணம்தானாம். நாம இங்க கேக்கறது அளவாம். காரணம் எதுவா இருந்தாலும் நெவர்னா பூஜ்யம். குடும்ப ஒத்துழைப்பு இல்லேன்னு ஆகிடுமாம்."

"சரி மேடம்."

"சரியில்ல தம்பி. ரேர்லியாவது இருந்தா பாஸ் குடுத்துடலாம். வீட்டுக்கு ஒருதடவை வந்து அவங்களுக்கு ஆலோசனை சொல்லிட்டு வரச் சொல்றாரு."

எழிலன் சரி என்றான். அந்த நாட்களில் அவன் எல்லாவற்றுக்கும் சரி என்பான். அது பலகையில் எந்த இடத்தில் வரும் என்று யாரும் பார்க்கவில்லை.

குணசுந்தரி சொன்னபடி வந்தாள். மாடி ஏறி மூச்சு வாங்கினாள். விதிப்படி மனைவிக்குக் கொடுக்க வேண்டிய பரிசுப்பையும் கொண்டுவந்திருந்தாள். உள்ளே ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் 'என் கணவர், என் பொறுப்பு' என்று எழுதிய கண்ணாடிக் குவளையும் இருந்தன. பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் படத்துக்குக் கீழே தரையில் வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தின் முன்னால் நின்றாள். கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும் என்பதால் வாசித்துவிட்டு மௌனமாக நின்றாள். எதிர்வீட்டுப் பெண்கள் கதவருகே வந்து பார்த்தார்கள். ஏதோ பூசை என்று நினைத்து இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

கடைசிக் கேள்வியின்போது, போயிருந்த மின்சாரம் வந்தது. மின்விசிறி சுழன்றது. சாய்ந்திருந்த படம் ஆணியில் லேசாக ஆடியது.

குணசுந்தரி படத்தைப் பார்த்தாள். எழிலனைப் பார்த்தாள். "தலையாட்டினாங்கதானே?" என்று மெல்லக் கேட்டாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான். அவள் ரேர்லி என்று குறித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ரேர்லி மனோகரனின் மேசைக்குப் போயிற்று. அவர் எழிலனைக் கூப்பிட்டனுப்பினார். மேசைக்குப் பின்னால் அதே பலகை சிறிய அளவில் மாட்டியிருந்தது.

"உங்கள் மனைவிக்கு அநீதி நடந்திருக்கிறது" என்று ஆரம்பித்தார். "யோசித்துப் பாருங்கள். உயிரோடு இருக்கும் மனைவி எவ்வளவு நினைவுபடுத்த முடியும்? தூங்கும் நேரம் போக வேண்டும். சமைக்கும் நேரம், தொடர் பார்க்கும் நேரம், அம்மா வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போகும் நேரம் எல்லாம் போக வேண்டும். என் மனைவியையே எடுத்துக்கொள்ளுங்கள். மிஞ்சினால் யூஷுவலி. ஆனால் காலமான மனைவிக்கு இந்தத் தொல்லைகளே கிடையாது. வேலை நேரம் இல்லை, ஓய்வு இல்லை, விடுப்பு இல்லை. இந்த யார்டில் உண்மையான ஆல்வேஸ் என்று ஒருவர் இருந்தால் அது அவர்கள்தான். இத்தனை நாள் ஆல்வேஸுக்கு நாங்கள் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்."

விழாவுக்குத் தலைமையகத்திலிருந்து அந்த வெளிநாட்டு அதிகாரி வருகிறார் என்றும், அவர் முன்னால் எழிலன் தன் மனைவியின் கடைசி வார்த்தைகளை மைக்கில் சொல்ல வேண்டும் என்றும், சொல்லி முடித்ததும் மேடையிலேயே பாஸ் கொடுக்கப்படும் என்றும் சொன்னார்.

"அவங்க கடைசியா என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியாதே சார்."

"அது எங்களிடம் தயாராக இருக்கிறது" என்று மனோகரன் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

'ஆல்வேஸ் பாதுகாப்பாக இருங்கள். நான் ஆல்வேஸ் உங்களுடன் இருப்பேன்.'

எழிலன் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான்.

செங்கொடி இறந்த அன்று சாவு வீட்டிலேயே எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். கடைசியா இன்னா சொல்லிச்சி, ஒண்ணும் சொல்லலயா, உன்ன தேடிச்சா. எழிலன், ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவைத்தான். அவளுடைய அப்பாவிடம்கூட அப்படித்தான் சொன்னான். மூடிப்போன ஆலை ஒன்றில் சங்கத் தலைவராக இருந்தவர் அவர். அதனால்தான் மகளுக்கு அந்தப் பெயர். அவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

கேண்டீனில் சீட்டைச் சுஹைப் வாங்கி வாசித்தான். அடைக்கலமேரி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, செத்தவகூட ட்யூட்டிக்கு வரணுமா? ஒரே பேஜாரா கீது."

"மாமு, ரெண்டு வரிதான்" என்றான் சுஹைப். "வாய தொறந்து சொல்ட்டு பாஸ வாங்கினு வந்துடு. செங்கொடி இன்னா உன்ன கேக்கப் போவுதா? நா தெனிக்கும் தூண இடிக்கறேன்னு எழுதிக் குடுத்து பாஸ் வாங்கிக்கினேன். இப்ப தெனிக்கும் இடிக்கணுமாம். இடிக்காத நாள்ல விளக்கம் கேக்கறானுங்க."

"உம் பொண்டாட்டி இப்டியா பேசும்?" என்று அடைக்கலமேரி கேட்டாள். "செங்கொடி ஒருதபா இங்க வந்துச்சே. வந்து நின்னதும் எம் மூஞ்சிக்கு நேரா, கொழம்புல உப்பு பத்தலக்கான்னுச்சி. அதுவா இந்த மாரி பேசும்?"

எழிலன் சிரித்தான். ஏன் சிரித்தான் என்று அவனுக்கே விளங்காமல் சாப்பாட்டில் கை வைத்தான். அடைக்கலமேரி அவன் தட்டில் கேட்காமலே ஒரு மீன் துண்டை வைத்தாள்.

"சொல்ட்டு வாங்கினு வா நைனா" என்றாள். "வேல முக்கியம். அந்தப் பொண்ணு இருந்தாலும் அதத்தான் சொல்லும்."

அது உண்மை என்று எழிலனுக்கும் தெரிந்தது.

பாதுகாப்பு நாள் வந்தது. வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். செங்கொடியின் படத்தை அவளும் எழிலனும் நிற்கும் கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். அவன் தோள் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வடிவமைத்தவர் பாதுகாப்பு விதிகளை முழுமையாகப் படித்திருக்க வேண்டும். பட்டுப்புடவைக்கு மேல் ஒளிரும் பச்சைச் சட்டையும், மல்லிகைச் சரத்துக்கு மேல் மஞ்சள் ஹெல்மெட்டும் போட்டுவிட்டிருந்தார். கீழே பெரிய எழுத்தில் 'ஆல்வேஸ் செங்கொடி' என்று இருந்தது. யார்டு வாசலில் ஒரு தொழிற்சங்கச் செங்கொடி ஏறிவிடக் கூடாது என்று எத்தனையோ வருடமாக நீதிமன்றம் வரை போய்க்கொண்டிருக்கும் மேலாளர், அதைப் படித்துவிட்டு முகம் வெளிறிப் பேனரை மடித்துக் கட்டச் சொன்னார். மனோகரன் விடவில்லை. கடைசியில் பேனர் பாதி மடித்த நிலையில் நின்றது. ஹெல்மெட்டும் கண்களும் தெரிந்தன.

எழிலன் பேனருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். செங்கொடி ஹெல்மெட் போட்டதே கிடையாது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது எவ்வளவு சொன்னாலும் போடமாட்டாள். தலை கலைந்துவிடுமாம்.

பந்தலில் அதிகாரிகளுக்கு நாற்காலிகள் இருந்தன. தொழிலாளர்கள் சுற்றி நின்றார்கள். வெளிநாட்டு அதிகாரி மொழிபெயர்ப்பாளரோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். தமிழ்த்தாய் வாழ்த்து கேட்க வேண்டும் என்பதற்காக யாரோ சங்கை நிறுத்தினார்கள்.

சங்கு நின்றது.

மறுநொடி பந்தல் காலியாயிற்று. ஒத்திகை வீண் போகவில்லை. தொழிலாளர்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வெளியே சாலையைத் தாண்டிக் கடற்கரைப் பாறைகள் வரைக்கும் ஓடினார்கள். அடைக்கலமேரி சாம்பார் குண்டானோடு ஓடினாள். ஆம்புலன்ஸ் அவளைத் துரத்திக்கொண்டு போயிற்று. என்ன நடக்கிறது என்று தெரியாத வெளிநாட்டு அதிகாரியும் ஓடினார். மேடையில் மனோகரன் மட்டும் தனியாக நின்று, யாரும் ஓட வேண்டாம், இது உண்மையான நிறுத்தம் அல்ல என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடியும் சங்கை ஊதவிட்ட பிறகுதான் எல்லோரும் நிம்மதியாகத் திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு விழா முழுவதும் சங்குச் சத்தத்தின் நடுவிலேயே நடந்தது.

"இன்று நீங்கள் கண்டது நம் பயிற்சியின் வெற்றி" என்று மனோகரன் கத்தினார். "ஒரு காலத்தில் இந்த மக்கள் தீப்பிடித்தால்தான் ஓடுவார்கள். இன்று எதுவுமே நடக்காதபோது ஓடுகிறார்கள். இந்த நிலைக்கு ஒரு சமுதாயத்தைக் கொண்டுவருவது எளிதல்ல. எங்களுக்குப் பின்னால் ஒரு பெண்மணி இருக்கிறார். அவர் இன்று நம்மோடு இல்லை. அதனாலேயே அவர் ஆல்வேஸ் இருக்கிறார். அவருடைய கடைசி வார்த்தைகளை அவர் கணவரே இப்போது சொல்வார்."

எழிலன் மேடை ஏறினான். மனோகரனின் கையில் பாஸ் இருந்தது. புதிது, பிளாஸ்டிக் உறை பளபளத்தது. அதை அதிகாரிக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்திருந்தார். கீழே கூட்டத்தில் சுஹைப் வாயைத் திறந்து மூடிச் சைகை காட்டினான், ரெண்டு வரிதான் என்று. குணசுந்தரி ஓர் ஓரத்தில் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எழிலன் பையிலிருந்து சீட்டை எடுத்தான். படித்தான். இதைச் சொல்லிவிட்டால் நாளைக்கும் பெட்டி வரும், எண்ணைப் பார்க்கலாம், சீலைப் பார்க்கலாம். இதைச் சொல்லிவிட்டால் இனி யார் கேட்டாலும் செங்கொடி கடைசியாகச் சொன்னது இதுவாகத்தான் இருக்கும். பேனரில், அறிக்கையில், வெளிநாட்டில். அவள் நிஜமாகச் சொன்னது அவன் ஒருவனிடம்தான் இருந்தது. அதை அவன் இதுவரைக்கும் வெளியே எடுத்ததில்லை. எடுத்தால் தாங்காது என்று வைத்திருந்தான்.

யாரோ சங்கை நிறுத்தினார்கள். இந்தத் தடவை யாரும் ஓடவில்லை.

பாஸ் என்ன ஆயிற்று என்று கவலைப்படுபவர்களுக்காக அதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அவன் பேசி முடித்ததும் மனோகரன் பலகையை நெடுநேரம் பார்த்தார். பேச்சில் அந்த ஆறு சொற்களில் ஒன்றுகூட இல்லை. வெளிநாட்டு அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். குணசுந்தரி மேடை ஏறி வந்து, இயக்குநரின் கையிலிருந்து பாஸை எடுத்து, எழிலனின் சட்டைப்பையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அப்படிச் செய்ய அவளுக்கு அதிகாரம் கிடையாது. மையத்தின் ஆண்டறிக்கையில் அந்தச் சம்பவம் ரேர்லி என்று பதிவாகியிருக்கிறது. பேனரை மறுநாள் விடிவதற்குள் யாரோ அவிழ்த்து இறக்கியிருந்தார்கள்.

எழிலன் மைக்கில் சொன்னது இவ்வளவுதான்.

"இந்தச் சீட்டுல கீறத அவ சொல்லல. ஆஸ்பத்திரில காலைலேந்து அவ கட்டிலாண்ட நின்னுகினே இருந்தேன். எம் மூஞ்சிய பாத்து ஒண்ணு சொன்னா. நானும் சரின்னு கீழ எறங்கிப் போனேன். திரும்பி வரசொல்ல கட்டில சுத்தி திரை போட்டுட்டாங்க. அவ சொன்னது இதான். 'போயி ஒரு டீ குட்ச்சிட்டு வாயா. நா எங்க போய்டப் போறேன்.'"